ஊட்டிக்குப் போகும் காருக்கு ஜுரம்

கோடை விடுமுறை பிறந்ததும் பட்டணத்துக் குடும்பங்களுக்கு ஊட்டி ஞாபகம் வந்துவிடுகிறது. ஸ்வெட்டர்களை வெயிலில் போடுகிறோம், புளியோதரை கட்டுகிறோம், குழந்தைகளுக்கு வாந்தி மாத்திரை வாங்கி வைக்கிறோம். காரைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதற்கென்ன, ஆட்டோமாட்டிக் வண்டியாச்சே! தானே ஏறும்" என்கிறார் வீட்டுக்காரர். தானே ஏறும் என்பது வாஸ்தவந்தான். எவ்வளவு சிரமப்பட்டு ஏறுகிறது என்று அது வாய் திறந்து சொல்லாதே, அதுதான் சங்கடம்.

நம் நாட்டில் இந்த வசதி நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டியது 2014-ல் மாருதி செலேரியோ வந்த பிறகுதான். கிளச் மிதிக்கும் தொல்லை ஒழிந்ததும் எத்தனையோ சகோதரிகள் தைரியமாக ஸ்டியரிங் பிடித்துவிட்டார்கள். ஆகவே அந்தக் கியர்ப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் மெல்லச் சுழலும். பெரிய ஆட்டோமாட்டிக் வண்டிகளில் இதே வித்தைதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். சமதரையில் இரண்டு விசிறிகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும். செங்குத்தான ஏற்றத்தில் பாரத்துடன் ஊர்ந்து போகும்போதோ, ஒன்று பறக்கிறது, மற்றது திணறுகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட எண்ணெய், மத்தில் அகப்பட்ட தயிராகிவிடுகிறது. தயிரிலாவது வெண்ணெய் வரும். இதில் வருவது சூடு மட்டுமே. சுமார் 80, 90 டிகிரியில் சுகமாக வேலை செய்யும் எண்ணெய், 120 டிகிரியைத் தாண்டினால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்துக்கு மேலே 326 மீட்டர். குன்னூர் நிலையம் 1,712 மீட்டர். நடுவே சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். 1899-ம் வருஷம் முதல் குன்னூருக்கு ஏறும் நம் மலை ரயில், கல்லாறு தாண்டியதும் பல் வைத்த தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. வழுக்கலே கிடையாது. காருக்கு அந்தப் பல் இல்லை.

அதிலும் சீஸன் கூட்டத்தில் பர்லியாறுக்கு மேலே வண்டிகள் வரிசையாக நிற்கிற நேரம்தான் மோசம். பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைச் சரிவில் நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு! அடுப்பைப் பெரிதாக எரியவிட்டு வெறும் வாணலியை வைப்பதற்குச் சமம் அது. சின்னக் கார்களில் பலவற்றில் எண்ணெய் விசிறி கிடையாது. சாதாரணக் கிளச்சையே யந்திரம் மிதிக்கிறது. அங்கே இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிளச் தகடே பலியாகும். நிற்கும்போது பிரேக்கில் நில்லுங்கள். முன் வண்டி நாலடி நகர்ந்ததும் நாமும் நகர வேண்டாம். கொஞ்சம் இடம் விழட்டும், ஒரேயடியாகப் போகலாம். மலைப்பாதையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சட்டமே இருப்பது வீண் மரியாதைக்காக அல்ல.

ஜுரம் வந்தால் எப்படித் தெரியும்? தீய்ந்த வாசனை வரும். இதைக் கண்டுபிடிப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது! என்ஜின் உறுமும், வண்டி அதற்குத் தக்கபடி நகராது. கியர் மாறும்போது ஓர் உதறல். நின்று கிளம்பும்போது கைப்பிடியை 'டி'யில் போட்டு ஒரு கணம் யோசித்த பிறகே வண்டி அசையும். பல வண்டிகளில் எச்சரிக்கை விளக்கும் எரியும்.

உடனே வளைவில்லாத, அகலமான இடத்தில் ஒதுங்குங்கள். கைப் பிரேக் போட்டு, 'பி'யில் வைத்து, ஏ.ஸி.யை அணையுங்கள். என்ஜினை மட்டும் நிதானமாக ஓட விடுங்கள். அது ஓடினால்தான் எண்ணெய் சுற்றி வந்து குளிரும். புகை வந்தாலோ, என்ஜின் சூட்டு முள் சிவப்பைத் தொட்டாலோ அணைத்துவிட வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. கால் மணி, அரை மணி ஆகட்டும். டீ குடிக்கக் குன்னூர்ப் பக்கத்தைவிட நல்ல இடம் ஏது?

எஸ்டேட் பங்களாவுக்குக் கட்டில், பீரோ ஏற்றிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022-ல் நம் நாட்டுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வண்டிகளும் இப்போது ஆட்டோமாட்டிக் கியருடன் கிடைக்கின்றன. பெரிய உடம்பு என்று அளவுக்கு மீறி ஏற்றினால் இதற்கும் அதே ஜுரம்தான். ஏற்றம் தொடங்கும் முன்பே 'எல்', '2' அல்லது 'எம்' என்று போட்டிருக்கும் இடத்துக்குக் கைப்பிடியை மாற்றிக் கீழ்க் கியரில் ஏறுங்கள். அடுத்த வளைவு எப்படியிருக்கும் என்று யந்திரத்துக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

இறங்கும்போது இது இன்னும் முக்கியம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மலைப் பாதைகளில் இரண்டாவது கியரில் போகச் சொல்லும் பலகையைப் பார்த்து, "அது நமக்கல்ல" என்று ஆட்டோமாட்டிக்காரர் தாண்டுகிறார். நமக்கும்தான்! ஒன்றரை டன் வண்டி குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால், சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு எங்கேயாவது போயாக வேண்டும். கீழ்க் கியரில் வந்தால் பெரும் பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். 'டி'யிலேயே விட்டால் பிரேக்கின் தலையில் விழும். பெட்ரோல் மிச்சம் என்று 'என்'னில் உருள விடுவது சுத்த அசட்டுத்தனம். கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்றைய என்ஜின்கள் பெட்ரோலைத் தாமே நிறுத்திவிடுகின்றன. நடுவில் பிரேக் மக்கர் செய்தால் குழந்தைகளோடு நாம் எங்கே போய் நிற்பது?

ஊர் திரும்பியதும் பட்டறையில் கியர் எண்ணெயை ஒரு சொட்டு வெள்ளைத் துணியில் விடச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது புதிதில் சிவப்பாக இருக்கும். காப்பி டிகாக்ஷன் நிறமாகித் தீய்ந்த வாசனையும் அடித்தால் மாற்ற வேண்டியதுதான். "ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்" என்று மெக்கானிக் சொன்னால், யாருடைய ஆயுசுக்கு என்று கேளுங்கள்.