பொம்மையா, ஆயுதமா?



சென்ற மாதம் எங்கள் ஊர்த் திருவிழாவில், என் தங்கை பேரன் அடம்பிடித்து ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி வாங்கினான். ஏழு வயதுப் பிள்ளை. காய்ந்த பட்டாணி அளவில் மஞ்சள் குண்டுகள் ஒரு பை நிறைய. அன்று சாயந்திரமே விளையாட்டில் இன்னொரு பையன் சுட்ட குண்டு இவன் இடது கண்ணில் பட்டது. கண்ணுக்குள் ரத்தம் கட்டி, பத்து நாள் படுக்கையில் கிடந்தான். பார்வை பிழைத்தது. ஆனால் கண் அழுத்தத்தை வருடா வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

இதற்குச் சட்டமே இல்லையா என்று தேடிப் பார்த்தேன். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, ஏர்கன்னின் ஆற்றல் 20 ஜூல் அளவையோ குழல் துவாரம் 4.5 மில்லிமீட்டரையோ தாண்டினால் உரிமம் வேண்டும். இந்தக் குண்டோ 6 மில்லிமீட்டர். இருந்தும், பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடியதை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கருதுவதில்லை.

சரி, பொம்மை என்றே இருக்கட்டும். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் அந்த அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். முத்திரை இல்லை. தயாரித்தவர் பெயரும் இல்லை. ஒரு மூலையில் ‘14 வயதுக்கு மேல்’ என்று பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில். இந்த ஒரு வரியைப் போட்டுவிட்டு, பலூனுக்கும் ஊதலுக்கும் நடுவே தொங்கவிட்டு, ஏழு வயதுக் குழந்தைக்கு விற்கிறார்கள். இது பச்சை ஏமாற்று.

தள்ளுவண்டிக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவர் மொத்தக் கடையில் கொடுத்ததை விற்கிறார். பிடிக்க வேண்டியது அந்த மொத்தக் கடையை.

மேல்மலையனூர் அமாவாசைக்கும் மயிலம் பங்குனி உத்திரத்துக்கும் எத்தனை ஆயிரம் குழந்தைகள் வருகிறார்கள்! கடை போட இடம் கொடுக்கும்போதே முத்திரையில்லாத குண்டுத் துப்பாக்கிகளை விற்கக் கூடாது என்று நிபந்தனை போடலாமே. விழுப்புரம், திண்டிவனம் மொத்தக் கடைகளில் இந்தியத் தர நிர்ணய அமைவன அதிகாரிகள் சோதனை நடத்த மாவட்ட ஆட்சியர் ஏற்பாடு செய்ய வேண்டும். அடுத்த திருவிழாவுக்கு முன்பே செய்ய வேண்டும்.

பெற்றோர்களே, வீட்டில் இந்தத் துப்பாக்கி இருந்தால் இன்றே எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டிவனம்.