செத்த காலேஜும் நம்ம காலேஜும்



எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்னைவாசிகள் ஒரு காலத்தில் வைத்திருந்த பெயர் தெரியுமா? 'செத்த காலேஜ்'! மிருகக்காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். 1851-இல் தொடங்கிய அந்தச் செத்த காலேஜில் நம் மனசுக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது என்பதே என் கட்சி.

சிரிக்காதீர்கள்! நம் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்த பலரும் முதல் செமஸ்டரிலேயே ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறோம். ரெக்கார்டு நோட்டு, வைவா, அப்பா கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸ்... நாலு அரியர் விழுந்தவன் ஹாஸ்டலில் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். "என்னடா ஆச்சு?" என்றால், "ஒண்ணுமில்லே மச்சான்" என்கிறான். அந்த 'ஒண்ணுமில்லே'க்கு நம் டைம்டேபிளில் ஒரு பீரியடாவது உண்டா?

அமெரிக்காவில் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 39 பேரிடம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுவதற்குக் காகிதம் கொடுத்து, 45 நிமிடம் இஷ்டம்போல் எதையாவது செய்யச் சொன்னார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால், முன்பே படம் வரையப் பழகியவருக்கு மட்டும்தான் பலன் என்றில்லை! கனடாவின் மான்ட்ரியல் நுண்கலை அருங்காட்சியகத்தில் 2018 முதல், டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் நோயாளி இலவசமாகப் போய்ப் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள்.

"நாங்களும்தான் டூர்ல மியூசியம் பார்த்தோமே!" என்பீர்கள். பார்த்தோமா? வரிசையா நடந்தோம், பத்து நிமிஷத்தில் வெளியே வந்து ஐஸ் வாங்கினோம்!

எழும்பூரில் சோழர் கால வெண்கலங்கள் இருக்கின்றன. மெக்கானிக்கல் நண்பர்களே, நம் பவுண்டரி ஷாப்பில் பேட்டர்ன் வைத்து மணல் அச்சு எடுக்கிறோம். அந்தச் சிற்பியோ மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றினார். மண்ணை உடைத்தால்தான் சிலை. ஓர் அச்சுக்கு ஒரே சிலை! திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னால் அரை மணி நேரம் நின்று, பென்சிலால் வரைந்து பாருங்கள். டிராஃப்டர் வேண்டாம், ஸ்கேல் வேண்டாம். கோடு கோணினால் மார்க்கைக் குறைக்க ஆளில்லை. கண்ணும் கையும் ஒரு வேலையில் மூழ்கும்போது, மனசு கொஞ்ச நேரம் அரியரை மறக்கும். பக்கத்தில் வரைகிறவனிடம் தானாகவே பேச்சு வரும். போர்வைக்குள் கிடந்தவனுக்கு வேண்டியது அந்தப் பேச்சுதான்.

இது வைத்தியத்துக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. மனசு ரொம்ப உடைந்தவனை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியது நண்பர்களான நம் கடமை. ஆனால் உடைவதற்கு முன்னால் மூச்சு விட ஓர் இடம் வேண்டாமா?

"போர்ஷனே முடியலே, இதுக்கு ஏது நேரம்?" என்கிறார்கள். செமஸ்டருக்கு ஒரு சனிக்கிழமை போதும். அருங்காட்சியகம் மதுரையிலும் உண்டு, திருச்சியிலும் உண்டு. நம் மாணவர் பேரவை முதல்வரிடம் கேட்க வேண்டியது மூன்றே: பஸ், பென்சில், கொஞ்சம் களிமண். அட்டெண்டன்ஸ் எடுக்கட்டும், மார்க் மட்டும் போட வேண்டாம்!

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வரப்போகிறேன். கை தூக்குவீர்களா?