பாதிக் குறளும் கவுனி அரிசியும்

ஈராண்டுகளுக்கு முன் காரைக்குடியில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில், திருக்குறளின் மருந்து அதிகாரத்தைப் பற்றி அன்பர் ஒருவர் உரையாற்றினார். உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்து வேண்டுவதில்லை என்னும் குறளைச் சொல்லி, முன்னோர் உணவுக்குத் திரும்பினால் மாத்திரையும் வேண்டா, மருத்துவரும் வேண்டா என்று முடித்தார். அரங்கம் கைதட்டியது. நாமும் தட்டினோம். இன்று அதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அன்று எம் பக்கத்தில் அமர்ந்து கைதட்டியவர் எம்மோடு தமிழ் பயிற்றுவிக்கும் நண்பர், நெடுநாள் நீரிழிவுக்காரர். மறுவாரமே மாத்திரையை நிறுத்திவிட்டுக் காலையும் இரவும் கவுனி அரிசிக் கஞ்சி குடிக்கத் தொடங்கினார். சில மாதங்களில் காலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. இன்று அவருடைய இடக்காலில் இரண்டு விரல்கள் இல்லை. மேடையில் பேசியவர் வேறு மேடைகளில் அதே உரையை நிகழ்த்திக்கொண்டிருக்கிறார். இதற்கு மேலும் வாளாவிருத்தல் தகாது என்பதாலேயே இதை எழுதுகிறோம்.

முதலில் நூலைப் பார்ப்போம். 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் திருநாளைக் கண்டு வளர்ந்த ஊர் இது. ஒரு சொல்லை விழுங்கிவிட்டுப் பொருள் சொன்னால் முன்வரிசையிலிருந்து கேள்வி எழும் ஊர். அத்தகைய ஊரில் ஓர் அதிகாரத்தையே பாதியாக அறுத்து விற்கிறார்கள், யாரும் கேட்கவில்லை.

மருந்து அதிகாரத்தின் முதற்குறள், மிகுதலும் குறைதலும் நோய் செய்யும் என்கிறது. எவை மிகுதலும் குறைதலும்? உணவும் செயல்களும் என்று உரை வகுக்கிறார் பரிமேலழகர். உணவு மட்டுமன்று, செயலும். உண்ணும் அளவு பிழைத்தால் நோய். உடம்பு இயங்கும் அளவு பிழைத்தாலும் நோய். அடுத்து வரும் ஆறு குறள்கள் பசியையும் அளவையும் ஒவ்வும் உணவையும் பேசுகின்றன. அவற்றுள் எந்தத் தானியத்தின் பெயரும் இல்லை. கடைசி மூன்று குறள்களும் மருத்துவத்துக்கு உரியவை: நோயையும் அதன் காரணத்தையும் அறிதல், நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதுதல், இறுதியாக நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்னும் நான்கு கூறுகள். மருத்துவனை உள்ளே அமர்த்தியே வள்ளுவர் அதிகாரத்தை முடிக்கிறார். நம் பேச்சாளர்களோ அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். செயலும் போயிற்று, மருத்துவனும் போயினான், எஞ்சியது கஞ்சி.

அந்தக் கஞ்சிக்கு வருவோம். கவுனி அரிசி பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர்களோடு செட்டிநாட்டுக்கு வந்தது என்பார்கள். இங்கே அதை எப்படி உண்டோம்? வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்து, விசேஷ நாட்களில், கிண்ணத்தில் சிறிதளவு. அது இனிப்பு! திருமண வீட்டு இலையில் ஓரமாக வைத்த பண்டம் இன்று சர்க்கரை நோய்க்கு மருந்தாக விற்கப்படுகிறது. அதன் கருநிறத்தில் நல்ல சத்து உண்டு. தவிடு நீக்காததால் நார்ச்சத்தும் உண்டு. மறுக்கவில்லை. ஆயினும் அரிசி எந்த நிறத்ததானாலும் 100 கிராமில் 70 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்தே. இரு வேளையும் குண்டான் குண்டானாகக் குடித்தால் நிறம் காப்பாற்றாது.

'முன்னோர் நோயின்றி வாழ்ந்தனர்' என்பது அடுத்த பல்லவி. எந்த முன்னோர்? நாம் இன்று பெருமையோடு காட்டும் கந்தரப்பமும் சீயமும் வெள்ளைப் பணியாரமும் அன்றாட உணவல்ல. பெரிய வீடுகளின் விருந்து. அந்த மாவை இடித்தது யார்? வளவுகளின் பின்கட்டில் உரலும் உலக்கையும் அம்மியும் ஆட்டுக்கல்லுமாகப் பொழுது விடியுமுன் தொடங்கியவர்கள் பெண்கள். பெரும்பாலும் கூலிக்கு வந்த பெண்கள். முன்னோரின் உடல்நலம் என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பகுதி அவர்களுடைய முதுகுவலி. ‘அம்மியில் அரைத்தாலே உடற்பயிற்சி’ என்று மேடையில் பேசும் ஆடவர் எவரும் தம் வீட்டு அம்மியைத் தாமே இழுத்து உட்கார்ந்ததாக நாம் அறியோம். முன்னோரின் இலை வேண்டும், முன்னோரின் உழைப்பு மட்டும் பிறருக்கு என்றால், இதற்குப் பாரம்பரியம் என்றா பெயர்?

எதிர்க்கடையையும் விட்டுவிட இயலாது. எம் மாணவர்கள் சிலர் காலைச் சாப்பாட்டுக்குக் காசில்லை என்பார்கள். ஜிம்மில் சொன்னார்கள் என்று பல ஆயிரம் ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடர் டப்பா வாங்குவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த கணக்கின்படி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். பளு தூக்கிப் பயில்பவர்க்குச் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம். 50 கிராம் பருப்பில் 11 கிராம் அளவு. சுண்டலிலும் வேர்க்கடலையிலும் தயிரிலும் மீனிலும் மீதியைத் தேடிக்கொள்ளலாம். 2024இல் அதே நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாடாதீர் என்றே சொல்கிறது. டப்பாக்காரரும் கஞ்சிக்காரரும் பகைவர்போல் தோன்றுகிறார்கள். உண்மையில் இருவரும் விற்பது ஒன்றே: உட்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானே நடக்கும் என்னும் நம்பிக்கை.

மரபை இகழ்கிறோம் என்று சிலர் சினக்கக்கூடும். இல்லை, மரபின் பாதியை ஏன் மறைக்கிறீர்கள் என்றே கேட்கிறோம். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குத் தைப்பூசக் காவடியோடு நடந்தே செல்லும் நகரத்தார் வழக்கம் நானூறு ஆண்டுப் பழமை உடையது என்பர். தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் சிலம்பமும் நம்முடையவைதாம். இவற்றைப் பற்றி மேடையில் ஒரு சொல் உண்டா? ஆண்டுக்கு ஒருமுறை பழனிக்கு நடந்த கால்கள் எஞ்சிய நாட்களில் தெருமுனைக் கடைக்கும் வண்டியிலேயே போகின்றன. எம் கால்களையும் சேர்த்தே சொல்கிறோம். நான்கு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல், இடையில் வடையும் காப்பியுமாக உடல்நலம் பற்றிய உரையைக் கேட்டவர்கள் அல்லவா நாம்!

செய்யத்தக்கது எளியது, எளியதாகையால் விலைபோவதில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மூச்சு சற்று வாங்கும்படி நடக்கவேண்டும். வாரத்தில் இரு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி. ஊருணிக் கரையைச் சுற்றி நாளும் அரைமணி நேரம் நடந்தால் வாரத்தில் ஐந்து நாளில் முதற்கணக்குத் தீரும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுந்து அமர்தல் தொடக்கத்துக்குப் போதும். தண்டால் பிறகு வரட்டும். இலையில் சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுக. ஒரு நாளின் ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டவேண்டா என்கிறது மேற்சொன்ன 2024 வழிகாட்டி. நீரிழிவுக்கு மருந்து உண்பவர் உணவையும் நடையையும் மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லுக. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் அவர் வேலை. இந்த நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்க்கு நீரிழிவு உண்டென 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. எந்த அரங்கத்திலும் முன்வரிசையில் அவர்களுள் ஒருவர் அமர்ந்திருப்பார் என்பதைப் பேசுவோர் மறவாதிருக்கட்டும்.

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. நண்பரை நம்பவைத்தது மருத்துவ அறிவன்று, குறள் என்னும் பெயர். அந்தப் பெயரைக் கடன்கொடுத்தவர்கள் நாம். இனி எந்த மேடையிலேனும் யாரேனும் மருந்து அதிகாரத்தைத் தொடங்கினால், எழுந்து நின்று இரண்டு கேள்விகள் கேட்போம்: முதற்குறளின் செயல் எங்கே? கடைக்குறளின் மருத்துவன் எங்கே? விடை வரும்வரை கைகள் மடியிலேயே இருக்கட்டும்.