ஆறுமணிக்குருவி

ஆறுமணிக்குருவிக்குப் பெயர் வைத்தவர்கள் அதைப் பார்த்து வைக்கவில்லை, கேட்டு வைத்திருக்கிறார்கள். விடியற்காலை ஆறு மணியை ஒட்டியும் அந்தி ஆறு மணியை ஒட்டியும் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அலகை மேலே தூக்கி, ‘வீட்-டியூ’ என்று இரண்டு சுரத்தில் தெளிவாகச் சீட்டியடிக்கும். ஒன்று கூப்பிட்டால் அடுத்த தோப்பிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். பிறகு பெரும்பாலும் மௌனம்தான். பாக் விரிகுடாவை ஒட்டிய கட்டுமாவடியில் கரையில் மீனுக்கு ஆள் கூடுகிற நேரமும் அதுவே என்பதால், ஊருக்குப் பின்னால் தோப்புக்குள் கேட்கும் இந்தச் சீட்டியைக் கவனிப்பவர் குறைவு.

பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் வேறு. இந்தியில் இது நவரங், அதாவது ஒன்பது நிறம். முதுகு பச்சை, தோளில் பளிச்சென்ற வான்நீலத் திட்டு, மார்பு மங்கிய மஞ்சள், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. தொண்டை வெள்ளை. கண்ணை மறைத்தபடி கறுப்புப் பட்டை ஒன்று ஓடும், அதற்கு மேலே வெண்புருவம். பறக்கும்போது மட்டும் இறக்கையில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். மைனாவைவிடச் சிறிய உடம்பு, சுமார் 50 முதல் 60 கிராம் எடை, இருக்கிறதா என்று தேடவேண்டிய அளவுக்கு வால். அறிவியல் பெயரான பிட்டா பிராக்கியூராவின் இரண்டாம் பாதிக்குக் குட்டை வால் என்றே பொருள். முதல் பாதி தெலுங்கு. ‘பிட்ட’ என்றால் அங்கே பொதுவாகக் குருவி. மயில் தன் ஆடையைத் திருடிக்கொண்டது என்று இந்தக் குருவி முறையிடுவதாகச் சிங்களத்தில் ஒரு நாட்டார் கதை உண்டு.

இத்தனை நிறம் இருந்தும் எளிதில் கண்ணில் படாது. தமிழில் இதற்குத் தோட்டக்கள்ளன் என்ற பெயரும் இருப்பது பொருத்தம்தான். பகலெல்லாம் தரையில், நிழலில், சருகுக்குள் இருக்கும். இரண்டு மூன்று தத்து தத்திவிட்டு நிற்கும். அலகால் ஒரு சருகைப் பிடித்துப் பக்கவாட்டில் எறியும், கீழே புழுவோ கரையானோ இருந்தால் கொத்தும். குட்டை வால் மெதுவாக மேலும் கீழும் ஆடும். ஆள் அரவம் கேட்டால் முதுகைக் காட்டிவிடும். பச்சை முதுகு நிழலோடு நிழலாகிவிட, சிவப்பு மறைந்துபோகும். இன்னும் நெருங்கினால் தாழ்வான கிளைக்கு ஏறி அசையாமல் உட்காரும். தினமும் கூட்டிப் பெருக்கிச் சருகை எரித்துவிடும் தோட்டத்தில் இதற்கு வேலையில்லை. மாமரத்தடியிலும் வேலியோரத்திலும் சருகு மக்கிக் கிடக்கிற கொல்லைதான் இதன் சாப்பாட்டு இலை.

இது இங்கே பிறந்த பறவையல்ல. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியக் குன்றுகள், கர்நாடகம் வரையிலான மேற்குத் தொடர்ச்சி மலை ஆகியவை இதன் இனப்பெருக்க இடங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அங்கே குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே வரும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கொஞ்சம் தங்கிவிடும், மிச்சம் இலங்கைக்குப் போகும். இமய அடிவாரத்திலிருந்து கிளம்பிய பறவை பாக் விரிகுடாக் கரையை எட்டும்போது 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்திருக்கும். இந்த உருண்டை உடம்பையும் சின்ன இறக்கையையும் பார்த்தால் நம்புவது கடினம்.

பயணம் இரவில். அதனால்தான் களைத்துப்போன பறவை விளக்கு வெளிச்சத்தில் திகைத்து வீட்டுக்குள் விழுவதும், சுவரிலும் கண்ணாடியிலும் மோதிக்கொள்வதும் கடலோர ஊர்களில் நேர்கிறது. விடிந்தால் காக்கை விரட்டும், பூனை காத்திருக்கும். எடுப்பவர் முதலில் அரிசியையோ நொய்யையோ வைப்பார். இது பூச்சி தின்னும் பறவை, தானியத்தைச் சீண்டாது. காற்றுப் போக ஓட்டையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் சில மணி நேரம் வைத்திருந்து, மரமடர்ந்த இடத்தில் திறந்துவிட்டாலே பல சமயம் தேறிப் பறந்துவிடும். கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

பாடும் பறவை என்று இதைச் சொல்லலாமா என்பதில் பறவையியலில் ஒரு சிக்கல் உண்டு. குருவி, மைனா, தேன்சிட்டு அடங்கிய அதே பெரிய வரிசையில்தான் இதுவும் வருகிறது. ஆனால் அவற்றின் குரல்வளைத் தசை அமைப்பு இதற்கு இல்லை. கரிச்சான் குஞ்சு மூத்த பறவைகளைக் கேட்டுக் கேட்டுப் பாட்டைப் பழகும். ஆறுமணிக்குருவியின் சீட்டி பழகாமலே வருவது, பிறவிச் சொத்து. இப்படிப் பாட்டுப் பழகாத கிளையைச் சேர்ந்த பறவைகளில் தமிழ்நாட்டுக்கு வழக்கமாக வருவது இது ஒன்றே.

கூடு இங்கே யாருக்கும் கிடைக்காது. வடக்கே புதருக்கடியிலோ தாழ்ந்த கிளைக் கவட்டிலோ காய்ந்த இலையும் புல்லும் வேரும் சேர்த்துப் பந்துபோலக் கட்டி, பக்கத்தில் வட்டமாக ஒரு வாசல் விடும். நான்கைந்து முட்டைகள், பளபளக்கும் வெள்ளையில் கருஞ்சிவப்புப் புள்ளிகள். அதற்காகச் சித்திரையில் தோப்பைவிட்டுக் கிளம்பும். வரும்போது போலவே போவதும் இரவில்தான்.