பழையதற்கு வேலை கொடுத்த ஊர்

நம் சங்க அன்பர்களில் பிள்ளைகளைப் பிரிட்டனில் குடிவைத்திருப்பவர்கள் இன்று அநேகர். கோடையில் போய் வருபவர்கள் டவர் பிரிட்ஜ், அரண்மனை, எடின்பரோ கோட்டை என்று ஒரு பட்டியலும், அதற்கேற்ற புகைப்படங்களுமாகத் திரும்புகிறார்கள். அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்காட்லாந்து வரை போகிறவர்கள், எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவிலுள்ள ஃபால்கிர்க் என்னும் ஊரில் ஒரு நாளாவது இறங்கியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. உபயோகம் தீர்ந்துபோன பழைய பொருளை என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த ஊர் ஒரு நல்ல பதிலை வைத்திருக்கிறது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். ஸ்காட்லாந்தின் இடுப்புப் பகுதியில், கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் இணைக்க 1768-இல் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். பொறுப்பேற்ற என்ஜினீயர் ஜான் ஸ்மீட்டன். 1790-இல் வேலை முடிந்தது. நீளம் 56 கிலோமீட்டர். ஃபோர்த் அண்டு கிளைடு கால்வாய் என்று பெயர். படகு மேடு ஏறி இறங்க 39 லாக்குகள். லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த ஒரு தொட்டி. படகை உள்ளே விட்டு, தண்ணீரை நிரப்பினால் படகு உயரும், வடித்தால் இறங்கும். பிறகு 1822-இல் எடின்பரோவிலிருந்து யூனியன் கால்வாய் வந்து சேர்ந்தது. இது மலைச்சரிவின் சம உயரக் கோட்டை ஒட்டியே சுமார் 50 கிலோமீட்டர் ஓடுவதால், வழி நெடுக ஒரு லாக்கும் தேவைப்படவில்லை. ஃபால்கிர்க்கில்தான் சிக்கல். அங்கே இரண்டு கால்வாய்களுக்கும் 35 மீட்டர் உயர வித்தியாசம். 11 லாக்குகளைப் படிபோல அடுக்கி இணைத்தார்கள். ஒரு படகு ஏறி முடிக்க ஏறக்குறைய ஒரு பகல் ஆகும். ஒவ்வொரு தடவையும் 3,500 டன் தண்ணீர் கீழே போய்விடும்.

1842-இல் எடின்பரோ – கிளாஸ்கோ ரயில் பாதை திறக்கப்பட்டது. ஏழே வருடத்தில், 1849-இல், அந்த ரயில் கம்பெனி யூனியன் கால்வாயை விலைக்கே வாங்கிவிட்டது. ஆக, கால்வாய்களுக்குச் சாவுமணி அடித்தவர்கள் ரயில்வேக்காரர்கள்தான். அந்தத் துறையில் உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில் இதை நான் மறைக்க முடியாது. 11 லாக்குகளையும் 1933-இல் பிரித்துவிட்டார்கள். புதிய சாலைக்காகக் கால்வாய்மேல் உயரமான பாலம் கட்டும் செலவை மிச்சப்படுத்துவதற்காகப் பெரிய கால்வாயை 1963-இல் மூடினார்கள். 1965-இல் யூனியன் கால்வாயும் மூடப்பட்டது. முப்பது வருடத்துக்கு மேல் இரண்டும் பாசி பிடித்துக் கிடந்தன.

இப்படிக் கிடக்கும் பொருளை மூன்று விதமாக நடத்தலாம். மண்ணடித்துத் தூர்த்து மனை போடலாம். கம்பி வேலி கட்டி, அறிவிப்புப் பலகை நட்டு, நினைவுச் சின்னம் என்று சொல்லலாம். இல்லையென்றால் அதற்கு மறுபடியும் ஒரு வேலை கொடுக்கலாம். அவர்கள் மூன்றாவது வழியைத் தேர்ந்தார்கள். கிட்டத்தட்ட 8 கோடி பவுண்டு செலவில் இரு கால்வாய்களையும் தூர் வாரிச் செப்பனிட்டு, பழைய 11 லாக்குகள் செய்த வேலைக்காக ஒரு ராட்சதச் சக்கரத்தை நிறுவினார்கள். 2002 மே 24 அன்று எலிசபெத் மகாராணி அதைத் திறந்து வைத்தார்.

ஃபால்கிர்க் சக்கரம் என்னும் இது 35 மீட்டர் உயரம். எதிரெதிர் முனைகளில் இரண்டு தொட்டிகள்; ஒவ்வொன்றிலும் 250 டன் தண்ணீர். கீழ்த் தொட்டியில் ஒரு படகும் மேல் தொட்டியில் ஒரு படகும் மிதக்க, சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றுகிறது. ஐந்தாறு நிமிடத்தில் மேலுள்ளது கீழே, கீழுள்ளது மேலே. தொட்டி கவிழாதபடி பல்சக்கரங்கள் அதைச் சமமாகப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு தொட்டியில் படகும் மறு தொட்டியில் வெறும் தண்ணீரும் இருந்தாலும் தராசு சாய்வதில்லை. மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான நீரை வெளியேற்றிவிடும் என்று ஆர்க்கிமிடீஸ் சொன்னது நமக்கெல்லாம் பள்ளிக்கூடப் பாடம். இரு பக்கமும் எடை ஒன்றாகவே இருப்பதால், ஓர் அரைச் சுற்றுக்கு ஆகும் மின்சாரம் ஒன்றரை யூனிட்தான். வீட்டில் ஒரு இஸ்திரிப் பெட்டி ஒன்றரை மணி நேரத்தில் குடிப்பதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயம் தொழில் தெரிந்தவர்களுக்கு ருசிக்கும். சுற்றும்போது இரும்பின்மேல் விழும் பாரம் திசை மாறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் வெல்டிங் நாளடைவில் அலுத்து விரிசல் விடும். அதனால் பற்றவைப்பதைத் தவிர்த்து, 15,000 போல்ட்டுகளைப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். ரிவெட் அடித்த பழைய ரயில் பாலங்களைப் பராமரித்தவர்கள் இதைப் பார்த்தால் ஒரு கும்பிடு போடுவார்கள்.

சக்கரத்தைவிட என்னை அதிகம் கவர்ந்தது அதன் பின்னாலுள்ள சுரங்கம். மேல் தொட்டியிலிருந்து படகு நேரே யூனியன் கால்வாய்க்குப் போக வேண்டுமானால் வழியில் ரோமானியர்களின் மதில் குறுக்கிடுகிறது. கி.பி. 142 வாக்கில் அன்டோனைனஸ் பயஸ் சக்கரவர்த்தி காலத்தில், கல் அடித்தளத்தின்மேல் புல்கட்டிகளை அடுக்கி எழுப்பிய எல்லை மதில் அது. இன்று பார்த்தால் ஒரு மண்மேடும் பள்ளமும்தான். புல்டோசருக்கு அரை நாள் வேலை. ஆனால் அதைத் தொடவில்லை. மதிலுக்கும், கூடவே 1842-இன் ரயில் பாதைக்கும் அடியில் சுரங்கம் குடைந்து கால்வாயைக் கொண்டுபோனார்கள். புதியவன் குனிந்து போக வேண்டும், பழையவன் எழுந்திருக்க வேண்டியதில்லை என்ற மரியாதை அதில் தெரிகிறது.

சுரங்கத்தின் மேலே நடந்தால் சிறிது தூரத்தில் ரஃப் காசில் என்னும் ரோமானியக் கோட்டையின் சுவடு. கோட்டைக்கு முன்னால் வரிசை வரிசையாகக் குழிகள். கூர்மையான கழிகளை நட்டு, மேலே தழை பரப்பி, ஓடிவரும் எதிரியை விழவைத்த பொறிகள். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஊருக்குள் காலண்டர் ஹவுஸ் என்ற மாளிகையும் பூங்காவும் இருக்கின்றன. பூங்காவிலும் அதே மதிலின் ஒரு துண்டு உண்டு. அந்த மாளிகையின் சொந்தக்காரர் தம் ஜன்னலிலிருந்து கால்வாய் தெரியக் கூடாது என்று பிடிவாதம் பிடித்ததால், 600 மீட்டருக்கு மேல் பாறையைக் கையாலேயே குடைந்து யூனியன் கால்வாயை மறைத்துக் கொண்டுபோனார்கள். ஒரு தனவந்தரின் வீம்புக்கு எத்தனை கூலிகளின் முதுகு வளைந்ததோ! இன்று அந்தச் சுரங்கத்துக்குள் விளக்குப் போட்டிருக்கிறார்கள். கரைப் பாதையில் நடந்தே போகலாம். ஊரின் கிழக்குப் புறத்தில் 30 மீட்டர் உயரத்தில் இரண்டு எஃகுக் குதிரைத் தலைகள் நிற்கின்றன. கெல்பீஸ் என்று பெயர். ஆண்டி ஸ்காட் என்ற சிற்பி அமைத்தது. 2014-இல் மக்கள் பார்வைக்குத் திறந்தது. ராஜாவுக்கும் தளபதிக்கும் சிலை வைக்கும் உலகத்தில், படகு இழுத்த வண்டிக் குதிரைக்கு இத்தனை உயரத்தில் சிலை வைத்திருக்கிறார்கள்!

"அவர்களிடம் பணம் இருக்கிறது, செய்கிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். ஃபால்கிர்க் பணக்கார ஊர் அல்ல. 1759-இல் தொடங்கி, கப்பல் பீரங்கிக்குப் பேர்போன காரன் இரும்பாலை 1982-இல் நொடித்துப்போனது. தொழில் போன ஊர், தன் பழைய கால்வாயையே முதலாக வைத்துப் பிழைக்கப் பார்த்தது. "இப்போது அதில் சரக்கா போகிறது? சுற்றுலாப் படகுதானே?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலக்கரி இனி அதில் போகாது. ஆனால் தண்ணீர் நகர்கிறது, கரையில் ஊர் ஜனங்கள் தினமும் நடக்கிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள். உபயோகத்தில் உள்ள பொருளைத்தான் ஜனங்கள் காவல் காப்பார்கள். வேலி கட்டிய பொருளை அதற்கென்று சம்பளம் வாங்கும் காவல்காரர் மட்டும் காப்பார், அதுவும் பணி நேரத்தில்.

நம் நாட்டிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. அன்டோனைன் மதிலை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாகச் சேர்த்தது 2008-இல். அதே வருடம்தான் நம் கால்கா – ஷிம்லா ரயில் பாதையும் அந்தப் பட்டியலில் ஏறியது. 1903-இல் போட்ட அந்தக் குறுகிய பாதை இன்றும் கெடாமல் இருக்கக் காரணம் பட்டியல் மட்டுமல்ல. தினமும் டிக்கெட் வாங்கி ஜனங்கள் ஏறுகிறார்கள்; அதனால் தினமும் ஒரு கேங்மேன் நடந்து போய்த் தண்டவாளத்தைப் பார்க்கிறார். ஆகவே ஒரு பழைய கால்வாயையோ, ஏரிக்கரையையோ, குறுகிய ரயில் பாதையையோ கைவிடும் கோப்பு மேஜைக்கு வரும்போது, கையெழுத்துக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதற்கு வேறு என்ன வேலை கொடுக்கலாம்? நம் சங்கத்துப் பிள்ளைகளில் என்ஜினீயர்களுக்குக் குறைவில்லை. இந்தக் கேள்வியை அவர்கள் இப்போதே கேட்டுப் பழகட்டும்.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோ போகும் ரயிலில் அரை மணியில் ஃபால்கிர்க் ஹை ஸ்டேஷன் வரும். பக்கத்திலேயே யூனியன் கால்வாய். கிழக்கே திரும்பினால் பாறைச் சுரங்கம். மேற்கே கரையோடு நிதானமாக ஒரு மணி நேரம் நடந்தால் சக்கரம். கோடையிலும் மழை வரும். குடையும் நல்ல செருப்பும் அவசியம். பேரப்பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஆர்க்கிமிடீஸைப் புத்தகத்தில் படிப்பதைவிட அங்கே பார்ப்பது சுலபம்.