துருவ ஒளியைத் துருவும் றேடார்

றேடார் என்றதும் எம் மாணவர்க்குப் போர் விமானமே நினைவுக்கு வருகின்றது. அதிலே தவறில்லை. ஆயினும், இரண்டாம் உலகப் போரிலே பகைவரின் விமானங்களைக் காட்டிக்கொடுத்த அக்கருவி, போர் ஓய்ந்தபின் விமானமே எட்டவியலாத உயரங்களை ஆராயப் புகுந்த கதையை இவ்வாரம் நாம் நோக்குவோம்.

1945ஆம் ஆண்டு, பேணாட் லவல் என்னும் ஆங்கில விஞ்ஞானி, இராணுவத்தினரிடம் பெற்ற றேடார்க் கருவியை மான்செஸ்டர் நகரில் நிறுவினார். அண்டக் கதிர்களின் எதிரொலியைக் காண்பதே அவர் நோக்கம். நகரத்து மின்சார ட்ராம் வண்டிகள் விளைத்த இடையூற்றைப் பொறுக்கமாட்டாது, ஜோட்ரல் பாங்க் என்னும் நாட்டுப்புறத்துக்குக் கருவியைக் கொண்டு சென்றார். அண்டக் கதிர் அகப்படவில்லை. எரிவெள்ளிகளின் சுவடுகள் அகப்பட்டன. 1947 ஓகஸ்டில் துருவ ஒளியிலிருந்தும் எதிரொலி வந்தது!

துருவ ஒளியென்பது யாது? ஞாயிற்றிலிருந்து பாயும் மின்னேற்றத் துணிக்கைகள் பூமியின் காந்தமண்டலத்தைக் கலக்குகின்றன. அப்போது இலத்திரன்கள் காந்தக் கோடுகளின் வழியே இறங்கி, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்திலும் அதற்கு மேலும் ஒட்சிசன், நைதரசன் ஆகியவற்றோடு மோதுகின்றன, மோதுண்டவை ஒளிர்கின்றன. கண்களுக்கு இக்காட்சி முகிலற்ற இரவிலன்றிக் கிட்டாது. றேடாருக்கோ பகலும் முகிலும் தடையல்ல. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. லவல் கண்டது போன்ற எதிரொலியைத் தரும் இலத்திரன் திரள்கள் காந்தக் கோட்டின் வழியே நீண்டு கிடப்பன. வானொலி அலை அவற்றைச் செங்குத்தாகத் தாக்கினாலே திரும்பி வரும். ஆதலின் ஒளிக்கு நேர் கீழே நிற்பவர் ஏமாறுவர். தொலைவில் நின்று சாய்வாக நோக்குபவரே பயன்பெறுவர்.

இத்தடையைத் தாண்ட வழி கூறியவர் அமெரிக்கரான வில்லியம் கோடன். இலத்திரன் ஒவ்வொன்றும் அலையை இம்மியளவு சிதறச் செய்யும். வலிமை மிக்க றேடாருக்கு அதுவே போதும் என 1958இல் அவர் எடுத்துரைத்தார். இலத்திரன்களின் கடுவேகத்தால் எதிரொலி அகன்று பரந்து நலிந்துவிடும் என எண்ணி, 305 மீற்றர் விட்டமுள்ள கிண்ணத்தை வேண்டினார். அதே ஆண்டில் கென்னத் பௌல்ஸ் என்பவர் சோதித்தபோது எதிரொலி குறுகியே வந்தது. பாரமான அயன்கள் இலத்திரன்களைத் தம் போக்குக்கு அடக்கி வைத்திருந்தமையே காரணம். சிறு கிண்ணமே போதுமாயிருந்தும், பெருங்கிண்ணம் 1963இல் போட்டோரிக்கோவின் அரசீபோவில் எழுந்துவிட்டது. 2020இல் இடிந்து வீழும்வரை வானியலாருக்கு அது பெரும் பேறாயிருந்தது. கணக்குச் சற்று மிகுந்ததும் நன்மைக்கே போலும்!

துருவ ஒளியின் நேர் கீழே, நோர்வேயின் துரொம்சோ நகருக்கு அருகில், ஐஸ்காட் என்னும் பன்னாட்டு அமைப்பு 1981இல் இவ்வகை றேடாரை இயக்கத் தொடங்கியது. எதிரொலியின் வலிமை இலத்திரன்களின் தொகையைச் சொல்லும். அதன் அகலம் வெப்பத்தைச் சொல்லும். அதன் அதிர்வெண் பிறழ்வோ அயன்கள் ஓடும் வேகத்தைச் சொல்லும்.

இவையெல்லாம் ஆய்வுகூடத்தாரின் பொழுதுபோக்கென எண்ணற்க. 2022 பெப்ரவரியில் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம் 49 செய்மதிகளை ஏறத்தாழ 210 கிலோமீற்றர் உயரத்துக்கு ஏவியது. அவ்வேளை எழுந்த காந்தப் புயலால் மேல்வளி சூடேறிப் பருத்து, செய்மதிகளை இழுத்துப் பிடித்தது. புயலோ கடுமையானதன்று. எனினும் அவற்றுள் ஏறத்தாழ 40 மீளாது வீழ்ந்தொழிந்தன. தரையில் இருந்தபடியே அவ்வுயரத்து அயன்களின் வெப்பத்தையும் ஓட்டத்தையும் அளந்து கூறவல்ல இத்தகைய றேடார்கள் உலகில் இன்றும் மிகச் சிலவே.