அது தாயகம் திரும்புதல் அல்ல, துரத்தியடிப்பு

1989-இல் பல்கேரியாவை விட்டு வெளியேறிய துருக்கியரைப் பற்றிக் கட்டுரையாளர் ஒருவர் சொல்வது இவ்வளவுதான்: துருக்கி அவர்களுடைய பூர்வீக நாடு, எல்லை திறந்ததும் தாமாகவே கிளம்பிப் போனார்கள், இதில் பல்கேரிய அரசைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இப்படி எழுத வேண்டுமானால் அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளை மறைத்தாக வேண்டும். அவர் மறைத்திருக்கிறார்.

1984 டிசம்பரில் கர்ஜலி வட்டாரத்து ஊர்களைக் கொட்டும் பனியில் படையும் போலீசும் சுற்றி வளைத்தன. மெஹ்மெத், அய்ஷே என்று பெயர் கொண்ட துருக்கியர்கள் ஸ்லாவியப் பெயர் ஒன்றை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். சில மாதங்களில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர் மாற்றப்பட்டது. பதிவேட்டில் இருந்த இறந்தவர்களின் பெயர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. பொது இடத்தில் துருக்கிய மொழி பேசினால் அபராதம், சுன்னத்துக்குத் தடை. எதிர்த்தவர்களில் பல நூறு பேரை டான்யூப் நதியின் பெலெனே தீவு முகாமில் அடைத்தார்கள். மொகில்யானே ஊரில் போராட்டத்துக்கு வந்த தாயின் 17 மாதக் குழந்தை பலியானது. நாட்டுக்குப் பதக்கங்கள் வாங்கித் தந்த பளுதூக்கும் வீரர் நயிம் சுலைமானோவையும் நவூம் ஷலாமனோவ் ஆக்கினார்கள். அவர் 1986-இல் மெல்போர்னில் தப்பித் துருக்கி போய்ச் சேர்ந்தார். புகழ்பெற்ற ஒருவருக்கே அந்த நிலை என்றால், புகையிலைக் கொல்லையில் பாடுபட்டவர்களின் நிலை என்ன?

“யாரும் துப்பாக்கி முனையில் விரட்டவில்லை” என்கிறார் கட்டுரையாளர். 1989 மே மாதம் மக்கள் உண்ணாவிரதமும் ஊர்வலமுமாகத் தெருவுக்கு வந்தபோது அரசு சுட்டது; சிலர் இறந்தார்கள். முன்னணியில் நின்றவர்களைப் பிடித்து நாடு கடத்தியது. அதன் பிறகுதான், மே 29 அன்று, பல்கேரியத் தலைவர் தோதோர் ஷிவ்கோவ் தொலைக்காட்சியில் தோன்றி எல்லையைத் திறக்கும்படி துருக்கிக்குச் சவால் விட்டார். சுற்றுலாப் பயணிகளைப் போலக் கையில் ஒரு பாஸ்போர்ட், காரின் கூரையில் கட்டிய மெத்தையும் பாத்திரமும்: துருக்கியின் கபிகுலே எல்லைச் சாவடிக்கு அவர்கள் வந்தது இப்படித்தான். வீட்டையும் மாட்டையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வந்த குடும்பங்கள் அவை. விருப்பப்பட்டு ஊர் மாறுகிறவன் இப்படியா கிளம்புவான்? ஆகஸ்ட் பிற்பகுதியில் துருக்கி எல்லையை மூடுவதற்குள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடந்திருந்தார்கள்.

அவர் பிடித்துத் தொங்கும் பூர்வீக வாதம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. அந்த மக்கள் பல்கேரிய மண்ணில் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தவர்கள். அவர்களின் தாத்தா பாட்டி புதைக்கப்பட்டது அங்கே, பிள்ளை பிறந்தது அங்கே. இத்தனை தலைமுறை உழுத மண் ஒருவனுக்குச் சொந்த ஊர் இல்லை என்றால் உலகத்தில் யாருக்குமே சொந்த ஊர் கிடையாது. போனவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓரிரு ஆண்டுக்குள் பல்கேரியாவுக்கே திரும்பிவிட்டார்கள். துருக்கியில் வேலையும் வீடும் கிடைக்காத நெருக்கடி ஒரு காரணம். 1989 நவம்பர் 10-இல் ஷிவ்கோவ் வீழ்ந்து, ஆண்டு முடிவதற்குள் பழைய பெயர்களைத் திருப்பித் தரும் முடிவும் வந்தது இன்னொரு காரணம். கட்டுரையாளர் இந்தத் திரும்புதலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் அவருடைய வாதம் அந்த இடத்திலேயே சரிந்திருக்கும்.

பல்கேரிய அரசுக்காக அவர் இத்தனை வாதாடுகிறார். ஆனால் பல்கேரிய நாடாளுமன்றமே 2012 ஜனவரி 11 அன்று, அந்த வெளியேற்றம் இனச் சுத்திகரிப்பின் ஒரு வடிவம் என்று தீர்மானம் போட்டுக் கண்டித்துவிட்டது.